அழியுற பன்றி இனத்தைக் காப்பாத்தணும்னா அதைச் சாப்பிடணும்

பன்றி பத்தி ஒரு நீண்ட த்ரெட். முகம் சுளிக்கிறவங்க இப்படியே நகர்ந்துடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

இங்கிலாந்துல க்ளஸ்டர்ஷயர்னு ஒரு பகுதி. அந்த ஊர்ப் பன்றிக்குப் பேரு க்ளஸ்டர்ஷயர் ஓல்ட் ஸ்பாட்ஸ். வெள்ளை உடம்பு, அங்கங்க கறுப்புப் புள்ளி, கண்ணை மறைக்கிற மாதிரி தொங்குற காது. ஆப்பிள் தோப்புல விட்டு வளர்ப்பாங்க. உதிர்ந்த பழத்தைத் தின்னுட்டுத் திரியும். மரத்துலேர்ந்து ஆப்பிள் விழுந்து கன்னிப்போன தடம்தான் அந்தப் புள்ளின்னு ஊருக்குள்ள ஒரு கதை உண்டு. 1913-லேயே இந்த ஒரு இனத்துக்குன்னு சங்கம் வெச்சிருக்காங்க.

இப்படி ஊருக்கு ஒரு பன்றி இருந்த நாடு அது. லிங்கன்ஷயர்ல செம்மறியாடு மாதிரி சுருட்டை முடியோட ஒண்ணு இருந்துச்சு. 1955-ல அரசு அமைச்ச ஒரு குழு, இத்தனை இனம் எதுக்கு, லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ், வெல்ஷ்னு மூணு போதும்னு பரிந்துரை செய்தது. சீக்கிரம் வளரணும், கொழுப்பு கம்மியா இருக்கணும். சமையலுக்குத் தாவர எண்ணெய் வந்த பிறகு பன்றிக் கொழுப்பை யாரும் சீண்டலை. கொழுப்புன்னாலே மாரடைப்புன்னு பயம் காட்டினதுல எங்க டாக்டர் சமூகத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கல. 1970-களின் தொடக்கத்துல அந்தச் சுருட்டை முடிப் பன்றி முழுசா அழிஞ்சுபோச்சு. அரிய கால்நடை இனங்களைக் காப்பாத்த ஒரு அறக்கட்டளை தொடங்கினது 1973-ல. அதுக்குக் காத்திருக்கல.

அந்த லார்ஜ் ஒயிட் வேற யாரும் இல்ல. நம்ம ஊர்ப் பண்ணைகள்ல வெண்பன்றின்னு வளர்க்கிறோமே, அதேதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? காலேஜ்ல எனக்கு சீனியரா இருந்த அண்ணன் ஒருத்தர் அந்தப் பக்கம் என்.எச்.எஸ்.ல வேலை பார்க்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் இந்தப் புள்ளிப் பன்றி வளர்க்கிறவர். பால்குடி மறந்த ரெண்டு குட்டியை அண்ணன் விலைக்கு வாங்கி, அவர் நிலத்துலயே விட்டு, தீவனச் செலவைப் பகிர்ந்துக்கிட்டார். வசந்த காலத்துல வாங்கினது, குளிர் வர்றதுக்குள்ள கறி. இதுதான் ஏற்பாடு.

எட்டு வயசுப் பொண்ணு ரெண்டுக்கும் பேர் வெச்சுட்டா. அப்புறம் ஒருநாள் கேட்டிருக்கா: "இது அழிஞ்சுட்டு வர்ற இனம்னு சொன்னீங்களேப்பா, அப்புறம் ஏன் கொல்றோம்?"

அண்ணன் ராத்திரி எனக்கு போன் பண்ணி, என்னடா பதில் சொல்றதுன்னு கேட்டார்.

யோசிச்சுப் பாருங்க. மாடு பால் தரும், உழும். ஆடு கம்பளி தரும். பன்றி? கறி மட்டும்தான். கறி விக்கலைன்னா அதுக்கு யார் தீவனம் போடுவா? 2017-ல மெரினாவுல உட்கார்ந்து நாம சொன்ன வாதம் ஞாபகம் இருக்கா? ஜல்லிக்கட்டு இல்லைன்னா காளையை வளர்க்கிறவன் வித்துடுவான், நாட்டு இனம் போயிடும்னு. அதே கணக்குதான் இங்கயும். ஆனா காளை களத்துலேர்ந்து வீட்டுக்குத் திரும்பி வந்துடும், இது வராது. குழந்தைகிட்ட அதைச் சொல்றதுதான் கஷ்டம்.

இனப்பெருக்கக் கணக்கைப் பார்த்தா இன்னும் தெளிவா புரியும். பன்றிக்குச் சினைக்காலம் மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள். ஒரு ஈத்துக்குப் பத்து குட்டின்னு வெச்சுக்குவோம், வருஷத்துக்கு ரெண்டு ஈத்து. இருபது குட்டி. காம்பு எண்ணிக்கை, கால் அமைப்பு, புள்ளி எல்லாம் பார்த்து அடுத்த தலைமுறைக்குத் தேறுறது அதுல சிலதுதான். ஆண் குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே கறிக்கு, ஏன்னா பல தாய்ப்பன்றிகளுக்கு ஒரு ஆண் போதும். பாவம் பார்த்து எல்லாத்தையும் இனப்பெருக்கத்துக்கு விட்டா நோஞ்சானும் சேர்ந்து பெருகும், சொந்தத்துக்குள்ளயே கலந்து இனமே கெட்டுப்போகும். அதனாலதான் புதுசா இறங்குறவங்களை அந்தத் தோட்டக்காரர் தாய்ப்பன்றி வாங்க விடமாட்டார். முதல்ல ரெண்டு குட்டியைக் கறிக்கு வளர்த்துப் பாருங்க, அந்த ஒரு நாளைத் தாங்க முடியுதான்னு பாருங்கன்னுதான் சொல்வாராம்.

சட்டமும் லேசுப்பட்டதில்ல. செல்லப்பிராணியா ஒரே ஒரு பன்றி வெச்சிருந்தாலும் பதிவு பண்ணணும். புதுப் பன்றி ஒண்ணு உள்ள வந்தா, ஏற்கெனவே இருக்கிற பன்றிகள் 20 நாளைக்கு வெளிய போகக் கூடாது. சமையலறை மிச்சம் போடவே கூடாது, காய்கறித் தோல் உட்பட. 2001-ல வந்த கோமாரி நோய், சூடுபடுத்தாத எச்சில் தீவனம் போட்ட ஒரு பன்றிப் பண்ணையில தொடங்கினதுன்னு கண்டுபிடிச்சாங்க. 60 லட்சத்துக்கும் மேல கால்நடைகளைக் கொன்னுதான் அதை நிறுத்த முடிஞ்சது. ஹோட்டல் எச்சில்லயே பன்றி வளர்ற நம்ம ஊரை நினைச்சுக்கிட்டேன்.

நடுவுல ஒண்ணு சொல்லிடுறேன், இல்லைன்னா கமெண்ட்ல இதுதான் வரும். "டாக்டர், பன்றிக்கறி தின்னா மூளையில புழு வருமாமே?" சரியா வேகாத கறியில புழுவோட இளம் பருவம் இருந்தா, தின்னவர் குடல்ல நாடாப்புழு வளரும். மூளையில கட்டி வர்றது வேற வழி. நாடாப்புழு இருக்கிற மனுஷனோட மலத்துல வர்ற முட்டை, கழுவாத கை, தண்ணி, பச்சைக் காய்கறி வழியா வாய்க்குள்ள போகணும். ஃபிட்ஸ் வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தா இந்தக் கட்டி இருக்கிற நோயாளிகள்ல, வாழ்நாள்ல கறியே தொடாதவங்களும் உண்டு. பன்றிக்கும் அது மனுஷ மலத்துலேர்ந்துதான் தொத்துது. பட்டியில அடைச்சு, தீவனம் போட்டு வளர்க்கிற பன்றிக்கு அந்த வழியே இல்ல. நம்மகிட்டேர்ந்து வாங்கின வியாதிக்குத்தான் அதைத் திட்டிட்டு இருக்கோம்.

சரி, அண்ணன் கதைக்கு வருவோம். பொண்ணுகிட்ட ஒளிக்காம சொல்லிட்டார். அவ ரெண்டு நாள் பேசலை. கறி வந்தப்போ தொடலை, யாரும் வற்புறுத்தவும் இல்ல. அண்ணிதான் மிளகு போட்டு நம்ம ஊர் வறுவல் பண்ணியிருக்காங்க. அந்தக் கொழுப்புக்குன்னே ஒரு ருசி இருக்குன்னு அண்ணன் போன்ல அரைமணி நேரம் பேசினார். அடுத்த வருஷமும் ரெண்டு குட்டிக்கு முன்பணம் கொடுத்துட்டார். இந்தத் தடவை பேர் வைக்க வேண்டாம்னு பொண்ணே சொல்லிட்டாளாம்.

இப்போ தோட்டக்காரருக்குத் தீவன விலை கூட ரெண்டாவது கவலைதான். அங்க சின்ன இறைச்சிக்கூடங்கள் ஒவ்வொண்ணா மூடிட்டு வருது. பெரிய கூடங்களுக்கு ரெண்டு, மூணு பன்றியோட வர்றவர் தேவையில்ல. வீட்டுலயே அறுத்தா சொந்தக் குடும்பம் மட்டும் சாப்பிடலாம், விக்க முடியாது. அவர் போற கூடம் முக்கால் மணி நேரத் தூரத்துல இருக்கு. அதுவும் மூடிட்டா தாய்ப்பன்றி மூணையும் வித்துடுறதா அவர் ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சிருக்கார்.