முழங்கால் நாரும் ஒரு வினாவின் இலக்கணமும்

முழங்கால் நார் அறுந்து, எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் பிடித்தபடி வருபவரைச் சுற்றி எழும் கேள்வி எப்போதும் ஒரே வடிவில் இருக்கிறது: ‘ஆபரேஷனா, பிசியோதெரபியா?’ மொழியியல் படித்த எனக்கு அதில் முதலில் உறுத்துபவை அந்த இரண்டு ‘ஆ’க்கள். ‘காப்பியா, டீயா’ என்பதைப் போல, ஒன்றை ஏற்றால் மற்றது தானே விலகிவிடும் என்று அவ்வினா முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. முழங்காலைப் பொறுத்தவரை அம்முடிவு பிழையானது. அப்பிழை ஒருவருடைய மூட்டையும் பிழைப்பையும் தொட்டதை அருகிலிருந்து பார்த்ததால் இந்த நீண்ட பதிவு. நான் மருத்துவர் அல்லள்; இது சிகிச்சை ஆலோசனையும் அன்று.

பேசப்படுவது ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவை நார். தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே பிணைக்கும் இரண்டு நார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதால் இப்பெயர். முன்னுள்ளது, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் வரம்பு மீறித் திருகாமலும் காக்கிறது. ஓடும்போது சட்டெனத் திசை மாற்றினால், தாவி இறங்கும்போது கால் திருகினால், அது அறுந்துபோகலாம். எதிராளி தொடக்கூட வேண்டியதில்லை. வழக்கமான அறுவை சிகிச்சை, அறுந்ததைத் தைப்பது அன்று. நோயாளியின் பின்தொடையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, அறுந்த நாரின் இடத்தில் பொருத்துவதே அது.

இவ்விரண்டு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் முதன்மையானது ஸ்வீடனில் நடந்து 2010இல் வெளியான ‘கேனன்’ ஆய்வு. காயம்பட்டு நான்கு வாரம் கடக்காத, 18 முதல் 35 வயதுக்குட்பட்ட, தொழில்முறை வீரர்கள் அல்லாத 121 பேரை அது இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்குப் பயிற்சியும் விரைவான அறுவை சிகிச்சையும். மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பின்னர் அறுவை. இரண்டு ஆண்டுகள் கழித்து வலி, மூட்டின் அறிகுறிகள், விளையாட்டுத் திறன், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைக் கூட்டி அளந்தபோது இரு பிரிவுகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவைக்குச் சென்றோர் 23 பேர்; ஐந்து ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை 30. நெதர்லாந்தில் 167 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்விலும் பயிற்சியில் தொடங்கியவர்களில் பாதிப்பேருக்கு இரண்டு ஆண்டுகளில் அறுவை தேவைப்படவில்லை.

2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வு வேறு திசையைக் காட்டியது. அதில் பங்கேற்ற 316 பேரும் அண்மையில் காயம்பட்டவர்கள் அல்லர். நார் அறுந்து, மூட்டு அவ்வப்போது நழுவும் நிலை நீடித்தவர்கள். 18 மாதங்களுக்குப் பிறகு அறுவைப் பிரிவினரே மேம்பட்ட நிலையில் இருந்தனர். இவ்விரு முடிவுகளையும் முரண் என்று வாசிப்பது எளிது. உண்மையில் அவை வெவ்வேறு மனிதர்களைப் பற்றிய, வெவ்வேறு காலக்கட்டத்தைப் பற்றிய விடைகள். காயம் புதிது என்றால், பயிற்சியில் தொடங்கிப் பொறுத்துப் பார்க்க இடமுண்டு. மாதக்கணக்கில் மூட்டு நழுவிக்கொண்டே இருந்தால் அந்த இடம் சுருங்கிவிடுகிறது.

இரு தரப்பு ஆய்வுகளுக்கும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பயிற்சி எல்லாப் பிரிவிலும் இருக்கிறது. அதற்குச் சான்று கொச்சியிலேயே உண்டு. கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் தலைவராக இருந்த தற்காப்பு ஆட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன், 2019 அக்டோபரில் குவாஹாட்டியில் தேசிய அணிக்காகப் பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஆடியபோது இதே நாரில் காயமுற்றார். அறுவை சிகிச்சை நடந்தது, 2019-20 ஐ.எஸ்.எல். பருவம் முழுவதும் அவர் களமிறங்கவில்லை. 2020 நவம்பர் 20 அன்று ஏ.டி.கே. மோகன் பகான் அணிக்காக, அதே பிளாஸ்டர்ஸை எதிர்த்துத்தான் அப்போட்டிக்குத் திரும்பினார். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும் அறுவைக்குப் பின்னால் பதின்மூன்று மாதங்கள். நாம் அதனை ‘ஆபரேஷன்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். மாற்றி வைத்த தசைநாண் நாராக உறுதிப்பட மாதங்கள் பிடிக்கும். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆய்வுகள் எதிலும் இல்லாத மூன்றாவது பிரிவு ஒன்று உண்டு. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் வசிக்கும் இளைஞர் ஒருவரிடம் அதைக் கண்டேன். தலைமுறைகளாக இங்கு வாழும் தமிழ்க் குடும்பம், பஜார் சாலைக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை, மாலையில் கால்பந்து. கால் திருகி வீங்கியபோது, “இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பிசியோ செய்து பார்க்கலாம்” என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து அவர் என்னிடம் கேட்டது: “ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டாங்க அக்கா. அப்போ சும்மா விட்டுடலாம்ல?” கூடாது என்றேன். ஆனால் வீக்கம் வடிந்ததும் தைலமும் உழிச்சலும் துணிக்கட்டுமாக மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். கூலி நாட்கூலி. அதன்பின் மூட்டு இருமுறை நழுவியது; ஒருமுறை தோளில் மூட்டையோடு படியிறங்கும்போது. ஐந்து மாதம் கழித்து எடுத்த படத்தில் மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. இப்போது அவருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருப்பது அறுவை சிகிச்சை.

அவர் பயிற்சியைத் தேர்ந்து தோற்றவர் அல்லர். பயிற்சி என்ற வழியில் அவர் காலடி எடுத்து வைக்கவே இல்லை. ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்பது அவர் காதில் ‘சிகிச்சை வேண்டாம்’ என்றே விழுந்தது. அப்படி விழுவதற்கு மொழியிலும் காரணம் உண்டு. ‘ஆபரேஷன் பண்ணியாச்சு’ என்கிறோம்; மலையாளத்தில் ‘ஓப்பரேஷன் கழிஞ்ஞு’. இரண்டும் முற்றுப்பெற்ற செயல்கள். நாள் குறிக்கலாம், தையலைக் காட்டலாம், உறவினர் பழத்தோடு வந்து பார்க்கலாம். பயிற்சிக்கோ ‘ஆச்சு’ இல்லை. ‘பண்ணிக்கிட்டிருக்கேன்’ என்ற தொடர்நிலை மட்டுமே. பார்ப்பவர் கண்ணுக்கு அது சும்மா இருப்பதுபோலவே தெரியும்.

பெயர்ச்சொல்லும் உதவிக்கு வருவதில்லை. ‘மறுவாழ்வு’ என்றால் தமிழ்நாட்டில் போதை மீட்பு இல்லமோ, இலங்கைத் தமிழர் முகாமோ நினைவுக்கு வரும். ‘புனர்வாழ்வு’ என்ற சொல் இலங்கையில் 2009க்குப் பிந்தைய தடுப்பு முகாம்களின் சுமையைச் சுமக்கிறது. மலையாளத்தின் ‘புனரதிவாசம்’ கொச்சிக்காரர்களுக்கு மூலம்பிள்ளியைச் சொல்லும். வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்கான பாதைகளுக்காக 2008இல் வெளியேற்றப்பட்ட 316 குடும்பங்களைச் சொல்லும். ஒரு காலை முழுமையாக நீட்டப் பழகுவது, முன்தொடைத் தசையை மீட்பது, கண்மூடி ஒற்றைக்காலில் நிற்பது, காயம்பட்ட காலால் தாவும் தூரம் மற்றக் காலின் 90 விழுக்காட்டை எட்டும்வரை உழைப்பது: இம்மாதங்களின் வேலை முழுவதையும் சுட்ட நம் அன்றாடப் பேச்சில் ஒரு சொல் இல்லை.

சொல் மட்டும் தடை என்று நான் வாதிடவில்லை. காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை தருகிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வாரம் மூன்று நாள் வெளிநோயாளியாகச் சென்று செய்யும் பயிற்சிக்கும், அந்நாட்களில் இழக்கும் கூலிக்கும் அதில் இடமில்லை. முடிந்த செயலுக்குக் காப்பீடு உண்டு, தொடரும் செயலுக்கு இல்லை என்பதாக இலக்கணமும் நிர்வாகமும் ஒத்துப்போகின்றன. மலிவான வழி என்று கருதப்படும் பயிற்சி, நாட்கூலிக்காரருக்கு மலிவானதே அன்று.

ஆகவே அந்த ‘ஆ’க்களை விட்டுவிட்டு வேறு வினாக்களைக் கேட்கலாம். காயம்பட்டு எத்தனை நாளாயிற்று? மூட்டு நழுவுகிறதா? மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறதா, வேறு நார்களும் அறுந்தனவா? எந்த வேலைக்கு, எந்த ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும்? பயிற்சியை யார் கவனிப்பார், எத்தனை மாதம், அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? விடைகளைப் பொறுத்துச் சிலருக்கு அறுவை முதலில் வரும், சிலருக்குப் பின்னால் வரும், சிலருக்கு வராமலே போகும். பயிற்சி எல்லோருக்கும் உண்டு.

இயன்முறை மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரவாரியாக என்ன செய்ய வேண்டும், எந்த அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் பேச்சுமொழியில் சொல்லும் கையடக்க அட்டை உங்களிடம் இருந்தால் பகிருங்கள். இல்லையெனில் சேர்ந்து எழுதலாம். மொழி வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.