ஒற்றைக் கண் மீனும் எங்கள் கண்ணாடித் தொட்டியும்

அழகிய கண்ணுக்குக் கயலை உவமை சொல்வது நம் புலவர்களின் வழக்கம். கயல்விழி என்று பெண் குழந்தைகளுக்குப் பெயரும் சூட்டுகிறோம். ஆனால் அந்தக் கயலின் கண் எத்துணை காவலற்றது என்பதை இந்த ஆண்டுதான் நாங்கள் நேரில் அறிந்தோம். நாம் வளர்க்கும் மீன்களுக்கு இமை கிடையாது. தூசி விழுந்தால் மூடிக்கொள்ளவோ, எதிரி பாய்ந்தால் இறுக்கிக்கொள்ளவோ அவற்றால் இயலாது. உறங்கும்போதும் அந்தக் கண்கள் திறந்தே இருக்கும்.

எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தின் வாயிலில் நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. முன்னாள் மாணவியர் அன்பளிப்பாகத் தந்தது. ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பு மாணவியரே அதற்குப் பொறுப்பு. அதில் உள்ள தங்க மீன்களை, நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை கொளத்தூரிலிருந்து வாங்கி வந்தார். கொளத்தூர் என்றதும் மேட்டூரை அடுத்த நம் கொளத்தூர் என்று எண்ணிவிட வேண்டாம். வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற சென்னைக் கொளத்தூர் அது! அந்தத் தங்க மீன்களுள் ஒன்று, கண்கள் இரண்டும் உருண்டையாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கருநிற மீன். 'பிளாக் மூர்' என்பார்கள். அதனுடன் மோலி மீன்களும், உடலில் பட்டை போட்ட ஆறு 'டைகர் பார்ப்' மீன்களும் இருந்தன. எல்லாம் ஒன்றாய்ப் பழகும் மீன்கள் என்று சொல்லித்தான் கடைகளில் இவற்றை விற்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, கருப்பு மீனின் இடக்கண் இருந்த இடத்தில் வெறும் குழிதான் இருந்தது. எப்படி நேர்ந்தது என்று பார்த்தவர் எவருமில்லை. பட்டை மீன்கள் சுறுசுறுப்பானவை. மெதுவாக நீந்தும் மீன்களின் துடுப்பைக் கொத்திப் பார்ப்பது அவற்றின் இயல்பு. கருப்பு மீனோ மெல்ல நீந்துவது. இரு கண்கள் இருந்தபோதே பார்வை மங்கலானது. தொட்டியின் அடியில் அழகுக்காகப் போட்டிருந்த கூரான கற்களும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்போது மூன்று வாரங்களே இருந்தன. "வருகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தத் தொட்டியைத்தானே! இதை எடுத்துவிட்டு வேறு மீன் விடலாம்" என்றனர் சிலர். "துன்பப்பட விடாமல் முடித்துவிடுவதே இரக்கம்" என்றனர் வேறு சிலர். இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில், முதல் பெஞ்சின் இடக்கோடியில் அமரும் எங்கள் தோழியும் அங்கேதான் நின்றாள். சிறு வயது முதலே அவளுக்கு இடக்கண்ணில் பார்வை இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பேச்சு தானாகவே நின்றுபோயிற்று.

அறிவியல் சிஸ்டர் வந்து பார்த்தார்கள். "அழகும் இரக்கமும் இருக்கட்டும். அது சாப்பிடுகிறதா? முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள்.

அன்றே கருப்பு மீனை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினோம். சேலத்துக் குழாய்களில் வருவது மேட்டூர்த் தண்ணீர், குளோரின் கலந்தது. ஆகையால் ஒரு நாள் முழுதும் வாளியில் திறந்து வைத்து, பிறகே ஊற்றினோம். 10 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் கல்லுப்பைக் கரைத்துச் சேர்த்தோம். தின்னாமல் விட்ட உணவை உடனுக்குடன் எடுத்தோம். ஏனெனில் எஞ்சிய உணவும் மீனின் கழிவும் அம்மோனியாவாக மாறும். தெளிந்த தண்ணீரிலும் அந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். ஆறாத புண்ணை அது மேலும் கெடுக்கும். பஞ்சு போன்ற வெள்ளைப் பூஞ்சை படர்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்தோம். படரவில்லை. நாளடைவில் அந்தக் குழியின்மேல் தோல் மூடிற்று.

இரண்டு நாட்கள் அது எதையும் தின்னவில்லை. மூன்றாம் நாள் உணவு இடப்பக்கம் விழுந்தபோது கடந்து போய்விட்டது. வலப்பக்கம் விழுந்ததை மட்டும் தின்றது. அடுத்த வாரம் ஒரு மாற்றம் தெரிந்தது. இடப்பக்கம் விழுந்த உணவின் அருகே அது சற்று நிற்கும். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, வலக்கண் அந்தப் பக்கம் வருமாறு செய்துகொண்டு வாயைத் திறக்கும். இதை முதலில் கண்டுபிடித்தவள் எங்கள் முதல் பெஞ்சுத் தோழியே.

"சிஸ்டர், அது தலையைத் திருப்பலைங்க, உடம்பையே திருப்புது. பாவம், அதுக்குக் கழுத்து இல்லையே! எனக்காவது கழுத்து இருக்குது" என்றாள். சிஸ்டர் சிரித்துவிட்டார்கள். நாங்களும் சிரித்தோம். அந்தத் திங்கட்கிழமைக்குப் பின் அவளோடு சேர்ந்து நாங்கள் சிரித்தது அன்றுதான்.

பார்க்காத பக்கத்தில் உணவு விழுந்ததை அது எப்படி அறிந்தது? சிஸ்டர் விளக்கினார்கள். மீனின் இரு பக்கங்களிலும் செவுளிலிருந்து வால் வரை ஓடும் நுண்ணிய துளை வரிசை ஒன்று உண்டு. பக்கக்கோடு என்று அதற்குப் பெயர். தண்ணீரின் சிறு அசைவையும் அது உணரும். மூக்குத் துளைகளோ மூச்சுவிட அல்ல, மணம் அறியவே உள்ளன. கண் போனாலும் இவை போவதில்லை.

உலகில் கண்ணே இல்லாத மீன்களும் உண்டு. மெக்சிகோ நாட்டுக் குகைகளில் வாழும் குருட்டு மீனை 1936-இல் அறிவியலார் விவரித்தனர். முட்டைக்குள் அதற்குக் கண் உருவாகத் தொடங்கும். பிறகு வளராமல் தேய்ந்துவிடும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கோட்டயம் பகுதிக் கிணறுகளில் கிடைத்த கண்ணற்ற சிறு கெளுத்திக்கு 1950-இல் ஹோராக்ளானிஸ் கிருஷ்ணாயி என்று பெயரிட்டனர். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு மீனுக்கு 2012-இல் நம் அப்துல் கலாம் அவர்களின் பெயரைச் சூட்டினர். விரல் நீளம்கூட இல்லாத இளஞ்சிவப்பு மீன்கள் அவை. நிலத்தடி நீரின் இருளில் தலைமுறை தலைமுறையாய் வாழ்கின்றன.

"அப்படியானால் நம் மீனுக்கும் கண் இல்லாமலே வாழ முடியும் அல்லவா?" என்று கேட்டோம்.

"அங்கே ஒருவருக்கும் கண் இல்லை, ஆகவே ஒருவருக்கும் குறையும் இல்லை. இங்கே கண்ணுள்ள ஆறு பேர் முந்திக்கொண்டு தின்றுவிடுவார்களே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று சிஸ்டர் எங்களையே திருப்பிக் கேட்டார்கள்.

கண் திரும்ப வளருமா என்றும் கேட்டோம். கடைகளில் கிடைக்கும் வரிக்குதிரை மீன் நம் கங்கைச் சமவெளியிலும் வாழும் மீன்தான். அதன் விழித்திரையில் காயம்பட்டால் அங்குள்ள செல்கள் மீண்டும் உருவாவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் கண் முழுவதும் போய்விட்டால் அந்த மீனுக்கும் அது திரும்பி வருவதில்லை. எங்கள் மீனின் கண்ணும் வராது. மாற்றக்கூடியது மீனை அன்று, தொட்டியைத்தான் என்று புரிந்துகொண்டோம்.

பட்டை மீன்கள் ஆறும் தொடக்கப் பள்ளிக் கூடத்திலுள்ள தொட்டிக்குப் போயின. அங்கே அவை தமக்குள்ளேயே துரத்தி விளையாடுகின்றன. கூரான கற்களை எடுத்துவிட்டு, உருண்டையான ஆற்றுக் கூழாங்கற்களைப் பரப்பினோம். உணவை ஒரே இடத்தில் தூவாமல் இரு மூலைகளில் இடுகிறோம். கருப்பு மீனுக்கென வலது மூலையில், தினமும் அதே நேரத்தில், மூழ்கும் உணவை இடுகிறோம். நான்காவது வாரம் அதைத் தொட்டிக்குத் திருப்பினோம். முதல் நாள் கண்ணாடியில் முட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் தன் மூலையைக் கண்டுகொண்டது.

அதற்குள் ஆண்டு விழா முடிந்துவிட்டது. ஆனால் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். பதில் சொன்னவள் எங்கள் தோழி. "ஒரு கண்ணு போயிடுச்சுங்க ஆன்ட்டி. சாப்பாடு மட்டும் வலது பக்கம் போடணும். வேற ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

வரும் ஆண்டு இத்தொட்டியின் பொறுப்பை ஏற்கும் எட்டாம் வகுப்புத் தங்கையரே! பஞ்சு வடிகட்டியைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் குளோரினால் மடியும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். ஒரு மீனின் இரு கண்களும் சேர்ந்து வீங்கினால் முதலில் தண்ணீரை ஐயுறுங்கள். ஒரு கண் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் அது அடிபட்டதாக இருக்கும். புது மீன் வாங்குமுன், அது வேகமாய் நீந்துவதா, மெதுவாய் நீந்துவதா என்று கேளுங்கள். கருப்பு மீனுக்கு உணவு வலது மூலையில், காலை 9 மணிக்கு. மறவாதீர்கள், அது அங்கே காத்திருக்கும்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்