பூட்டு நம்முடையது அன்று



அதிகாலையிலும் மஃரிபுக்குப் பின்னரும் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாம், பகலில் ஒரு தனியார் பள்ளியில் தீனிய்யாத் பாடம் நடத்துகிறோம். அப்பள்ளியின் கல்வி உதவித்தொகைப் பொறுப்பும் நம்மிடமே உள்ளது. அதற்கென நிர்வாகம் ஒரு மடிக்கணினி தந்திருக்கிறது. உதவி கேட்டு வரும் குடும்பங்களின் விண்ணப்பங்கள் அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. கணவரை இழந்த தாய்மார்களின் கைப்பேசி எண், ஆதார் நகல், வங்கிக் கணக்கு, அடகு வைத்த நகையின் விவரம் என்று எத்தனையோ. உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாத செய்திகளைச் சிலர் நம்மை நம்பி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஓர் இரவு. உதவித்தொகைப் பட்டியலை மறுநாள் காலையில் ஒப்படைத்தாக வேண்டும். இஷா தொழுதுவிட்டு வந்து கணினியைத் திறந்தால், நீல நிறத் திரையில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டு நின்றது. நமக்குத் தெரிந்த கடவுச்சொல்லை அது சீண்டக்கூட இல்லை. பள்ளியின் கணினிப் பொறுப்பாளர் சென்னையில் இருப்பவர். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின்னர்தான் கைப்பேசியில் கிடைத்தார். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளை அவர் வாசிக்க, நாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தட்டச்சு செய்தோம். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும் எண்ணாம். ஆகவே ஓர் இலக்கம் பிசகினாலும் கணினி கண்டுபிடித்துவிடும் என்று பின்னர் அறிந்தோம். அன்று அதை வியக்கும் மனநிலையில் நாம் இல்லை. பட்டியல் தாமதமாயிற்று, பேச்சு வாங்கினோம்.

அந்த எரிச்சலோடுதான், கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவரிடம் சென்றோம். "ஹஜ்ரத், இது பிட்லாக்கர். டிஸ்க் முழுசையும் பூட்டி வச்சிருக்கு. வேணாம்னா எடுத்துடலாம்" என்றார். எடுத்துவிடுங்கள் தம்பி என்றோம். இது யாருடைய கணினி என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. நமது கணக்குக்கு நிர்வாகி உரிமை இருந்ததால் தடை எதுவும் வரவில்லை. கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை அணைக்கும் ஓர் அழுத்தம், பிறகு விழுக்காடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. லுஹருக்குப் பின் தொடங்கியது, மஃரிபுக்குச் சற்று முன்னர்தான் முடிந்தது. பூட்டு போனால் கணினி விரைவாக ஓடும் என்றும் எண்ணியிருந்தோம். அதே ஆமை நடைதான். குற்றம் பூட்டில் இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் 4 ஜிபி நினைவகத்திலும் இருந்தது.

காத்திருந்த அந்த நேரத்தில் கடையில் கண்ட காட்சியைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறோம். இயங்காமற்போன வேறொரு மடிக்கணினி மேசைமேல் கிடந்தது. அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு கேபிளில் மாட்டித் தம் கணினியோடு இணைத்தார் மாணவர். உரிமையாளர் கேட்ட கோப்புகளை மீட்டுக் கொடுப்பது அவருடைய தொழில், அதில் தவறில்லை. ஆனால் எந்தக் கடவுச்சொல்லும் கேட்கப்படாமல், அவ்வீட்டு நிகாஹ் படங்கள் வரிசை வரிசையாகத் திரையில் விரிந்தன. பெண்கள் அறையில் எடுத்த படங்கள். இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். "பாஸ்வேர்ட் போடலையா?" என்று கேட்டோம். "போட்டிருந்தாங்க ஹஜ்ரத். அது விண்டோஸுக்குள்ள நுழையத்தான். டிஸ்க்கைக் கழட்டிட்டா அது எதுக்கும் உதவாது. பிட்லாக்கர் இருந்தா மட்டும்தான் ஒண்ணும் தெரியாது" என்றார்.

பக்கத்தில் நமது கணினியின் விழுக்காடு எண்பதைத் தாண்டியிருந்தது. அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தொடங்கியது முடியட்டும், பிறகு யோசிப்போம் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டோம். அந்த மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நெரிசலான பேருந்தில் வீடு திரும்பினோம். அமானிதத்தைப் பற்றி ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். ஒரு கணவனை இழந்த தாயின் அடகுச் சீட்டு விவரம், யாரும் கேபிள் மாட்டிப் படிக்கும் நிலையில் அன்று நம் தோளில் தொங்கியது.

மறுநாள் பள்ளியின் மின்னஞ்சல் திறக்க மறுத்தது. இச்சாதனம் நிறுவன விதிகளுக்கு இணங்கவில்லை என்றொரு அறிவிப்பு. வட்டின் பூட்டு திறந்திருப்பதை நிர்வாக மென்பொருள் சென்னைக்குத் தெரிவித்திருக்கிறது. சில நிறுவனங்களில் கணினி தானாகவே மறுபடியும் பூட்டிக்கொள்ளுமாம். வேறு வழியின்றி நாமே பொறுப்பாளரை அழைத்து நடந்ததைச் சொன்னோம். முதலில் 'அதுவாகவே கழன்றுவிட்டது போலும்' என்று சொல்ல நாக்கு எழுந்தது உண்மை. அல்லாஹ் காப்பாற்றினான்.

அவர் கடிந்துகொள்ளவில்லை, விளக்கினார். கணினியின் பயாஸ் மென்பொருள் அன்றிரவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. டிபிஎம் என்னும் சில்லு, தான் அறிந்த நிலையிலிருந்து கணினி மாறியிருப்பதைக் கண்டு, திருடன் கைபட்டதோ என்று ஐயுற்றுச் சாவியைத் தர மறுத்திருக்கிறது. இத்தகைய வேலைக்குப் பூட்டை அடியோடு எடுக்க வேண்டியதில்லை. தற்காலிகமாக இடைநிறுத்தி வைத்து, வேலை முடிந்ததும் மீண்டும் இயக்கினால் போதும். அதையும் அவர்கள்தான் செய்ய வேண்டும். அன்று புதுப்பிப்புக்கு முன் இடைநிறுத்தாதது தங்கள் பிழையே என்றும் ஒப்புக்கொண்டார். நம் கோபத்தில் பாதி நியாயமானதே என்று அப்போது தெரிந்தது. ஆனால் கோபம் நியாயமானதால், கணினி நமதாகிவிடவில்லை.

பணி ஓய்வின்போது பழைய அலுவலகக் கணினியை விலைக்கு வாங்கிக்கொள்ளும் அன்பர்களும் நம்மில் உண்டு. அவர்களும் முதலில் நிர்வாகத்திடம் சொல்லி, தரவுகளை அழித்து, தங்கள் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துத் தரும்படி கேட்பதே முறை. வீட்டில் நம் பணத்தில் வாங்கிய கணினி என்றால் பூட்டு வேண்டுமா வேண்டாவா என்பது நம் விருப்பம். அங்கும் மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

அன்று மாலையே பொறுப்பாளர் தொலைவிலிருந்தபடி பூட்டை மீண்டும் போட்டார். நமது நிர்வாகி உரிமையை எடுத்துவிடும்படி நாமே கேட்டுக்கொண்டோம். புதிய சாவி அவர்களிடம் பதிவாகிவிட்டது, பழைய எண்கள் இனி உதவாது, எழுதிய தாளைக் கிழித்துவிடலாம் என்றார். பிறகு, "அந்தத் தாளை இத்தனை நாள் எங்கே வச்சிருந்தீங்க ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

மடிக்கணினிப் பையிலேயே என்றோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.