எதை மாற்றுவது?

எங்கள் ஓசூர் வீட்டு ஸ்டீரியோவுக்காக பென்ஷனில் ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய். ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், ஸ்பீக்கர் ஜோடி, மூன்றில் ஒன்றைத்தான் மாற்றலாம்.

வீட்டுக்காரம்மா கொஞ்ச நாளாக, "பாட்டு கேக்குது, வார்த்தைதான் புரியல" என்கிறார். காது டாக்டரிடமும் காட்டியாயிற்று. வயசுதான் காரணமாம்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர், கன்னடம் கலந்த தமிழில், 100 வாட் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். நம்முடையது 50 வாட். வாட் இரண்டு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான் (வாத்தியார் புத்தி, கணக்குப் போடாமல் விடாது!). சென்சிடிவிட்டி 86க்குப் பதில் 89 உள்ள ஸ்பீக்கர் அதே 3 டெசிபலைப் பழைய ஆம்ப்ளிஃபயரிலேயே தந்துவிடும். தவிர, மலிவு செட்டில் ஒலியை அதிகம் கெடுப்பதும் ஸ்பீக்கர்தான்.

அட்டையில் 20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதில் எனக்கு ஆசையில்லை. அறுபது தாண்டிய காதுக்கு அது எட்டாது. ச, த போன்ற மெய்யொலிகள் பிரிந்து கேட்பது ஏறக்குறைய 2,000க்கு மேல் உள்ள பகுதியில். அது தெளிவாக இருந்தால் போதும்.

இதற்கிடையே பழைய ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து எடுத்து, சுவரைவிட்டு ஓரடி தள்ளி, காது உயரத்துக்கு ஸ்டூலில் வைத்தேன். 'தம் தம்' இரைச்சல் பாதி அடங்கிவிட்டது. செலவு பூஜ்யம்.

சனிக்கிழமை அத்திப்பள்ளி வழியாக பஸ்ஸில் அவரையும் கடைக்கு அழைத்துப் போகிறேன். அவர் கேட்டிராத பாட்டு ஒன்று கையில் இருக்கிறது. எந்த ஸ்பீக்கரில் வார்த்தையைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறாரோ, அதை வாங்கிவிடுவோம்.