மூணு வாரம் ஆகுங்க!

"எந்த ஊரு?" என்று யாராவது கேட்டு, நான் "நெருப்பெரிச்சல்" என்றால், "வயித்தெரிச்சல் தெரியும், இதென்னங்க?" என்று சிரிப்பார்கள். திருப்பூர் மாநகராட்சிக்குள் இருக்கிற ஊர்தான். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். பையரிடம் "நாளைக்கு ரெடி சார்" என்றும், சாயப்பட்டறையில் "நேத்தே வேணுமுங்க" என்றும் சொல்கிற உத்தியோகம்.

போன வருஷம் எனக்கு ஒரு வியாதி வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. காலையில் எதற்கு எழுந்தோம் என்றிருக்கும். எதைத் தின்றாலும் அட்டை மாதிரி இருக்கும். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். "கல்யாணம் பண்ணுடா, சரியாயிடும்" என்றார்கள் நண்பர்கள். (கல்யாணமானவர்கள் அப்படிச் சொல்லவில்லை!)

கடைசியில் யாருக்கும் தெரியாமல் கோயமுத்தூர் போய் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். "மனச்சோர்வு. மாத்திரை கேக்க மூணு, நாலு வாரம் ஆகும். நடுவுல நிறுத்தாதீங்க" என்றார்.

தலைவலி மாத்திரை அரை மணியில் கேட்கிறது, இதற்கென்ன கேடு? பத்தாம் நாள் அட்டையோடு பீரோவில் போட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு ஷிப்மென்ட் நாளில் கம்பெனி மொட்டை மாடியில் போய் ரொம்ப நேரம் நின்றேன். எதற்குப் போனேன் என்று இங்கே எழுத வேண்டாம். செக்கிங் அக்கா டீயோடு மேலே வந்து, "கீழ வா கண்ணு, ஆறிப்போகுது" என்றார். வந்துவிட்டேன்.

மறுநாளே டாக்டரிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. "மும்பையில விதிதா வைத்யான்னு ஒரு விஞ்ஞானி இருக்காங்க. படிச்சுப் பாருங்க, பொறுமை வரும்" என்றார். படித்தேன்.

பிறந்து வளர்ந்த பிறகு மூளையில் புது நரம்பு செல் உண்டாகாது என்பதுதான் பழைய பாடம். 1965ல் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மேனும் கோபால் தாஸும் எலி மூளையில், ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதியில், அது நடப்பதைக் காட்டினார்கள். அநேகமாக யாரும் காதில் வாங்கவில்லை. 1990களில்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

விதிதா, யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டூமனிடம் ஆராய்ச்சி செய்தவர். 2000ல் டூமன் குழு, மனச்சோர்வு மருந்தை வாரக்கணக்கில் கொடுத்தால் எலி மூளையில் புது செல்கள் கூடுவதைக் கண்டது. ஒரு நாள் டோஸுக்கு அது மசியவில்லை! விதிதா மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தனிக்குழு அமைத்தார். மூளையில் நார்அட்ரினலின் குறைந்தால் செல்கள் பெருகுவதும் குறைகிறது என்று 2002ல் காட்டினார்கள். அந்த ரசாயனத்துக்கு இருக்கிற 'பிரேக்'கைத் தடுத்தால் மருந்து சீக்கிரம் வேலை செய்கிறது என்பது 2010ல் வந்தது. இதுவும் ஆய்வுக்கூட விலங்குகளில்தான். 2015ல் பட்நாகர் பரிசு, 2022ல் இன்ஃபோசிஸ் பரிசு.

மனிதர்களுக்கு? 2018ல் ஒரு குழு 'பெரியவர்களுக்குக் கிடையாது' என்றது, இன்னொரு குழு 'உண்டு' என்றது. 2025ல் ஸ்வீடன்காரர்கள் 'உண்டு' என்பதற்குப் புது ஆதாரம் காட்டினார்கள். "மாத்திரை லேட்டாகறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், முழு விடை இன்னும் வரலை. ஆனா லேட்டாகும்ங்கறது நிச்சயம்" என்றார் டாக்டர்.

எனக்கு அது போதும். நூல் வந்த அன்றைக்கே டி-ஷர்ட் கேட்டால் நானே பையரைத் திட்டுவேன். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எத்தனை இருக்கிறது! பனியனுக்கே இத்தனை நாள் என்றால், மனசுக்கு மூணு வாரம் தரக்கூடாதா?

இந்தத் தடவை நிறுத்தவில்லை. நாலாவது வாரம் ஒரு காலையில் டீக்கடையில் சண்டை பிடித்தேன்: "என்னங்கண்ணா, இவ்வளவு சர்க்கரை போட்டிருக்கீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டு மாசமா இதே டீதானுங்க குடிக்கிறீங்க!"