வாடையும் கொண்டலும்

கூதிர்காலம் பிறந்துவிட்டால் வடநாட்டுச் சமவெளிக்குரிய வானிலை அறிக்கை இனிமையாக இருக்கும். வானம் தெளிந்திருக்கும், இளங்குளிர்க் காற்று வீசும், மழை இராது என்பார்கள். காட்டுப்பாக்கத்தில் அதைக் கேட்கும் நம் மனமோ செம்பரம்பாக்கம் ஏரிக்கு ஓடிவிடுகின்றது.

காரணமில்லாமல் இல்லை. கங்கைச் சமவெளியில் வறண்டு இறங்கும் அக்காற்றே வங்கக் கடலில் திரும்பி, ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகிழக்கிலிருந்து நம் கரைக்கு வருகின்றது. வடக்கே பிறப்பதை வாடை என்றும் கிழக்கே பிறப்பதைக் கொண்டல் என்றும் பெயரிட்ட தமிழர், மேகத்தையும் கொண்டல் என்றே அழைத்தனர். எத்துணைப் பொருத்தம்! அரபு மாலுமிகள் காற்றின் பருவத்தை 'மவ்ஸிம்' என்றனர். அச்சொல்லே போர்த்துகீசியர் வாய்ப்பட்டு 'மான்சூன்' ஆயிற்று. மதரஸாவில் இலக்கணத்தோடு கற்ற சொல் வானொலியில் ஒலிக்கக் கேட்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

ஆயினும் அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிற்பதில்லை. 24 அடி ஆழமுள்ள அவ்வேரியிலிருந்து 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்ததை யார் மறப்பார்? அதே ஏரி 2019 கோடையில் வறண்டு, தரை வெடித்துக் கிடந்தது. தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்து நின்ற நாட்கள் அவை. ஆகவே மழை வேண்டாம் என்று சொல்ல நமக்கு நாவெழுவதில்லை. நிறையப் பெய்யட்டும் என்று சொல்லவும் துணிவில்லை.

நேற்றைய அறிக்கையில் வடக்கே வறண்ட வானிலை, வடதமிழகக் கரையோரம் கனமழை என்றார்கள். கிதாபுகளைப் பரணில் ஏற்றினோம். மாடிக் குழாயின் கீழ் அண்டாவையும் வைத்தோம்.