கையிருப்பு

1997 மே மாதம் நான் பாங்காக்கில் இருந்தேன். ஆசிய நாடுகளுக்குள் பாயும் வெளிநாட்டு மூலதனம் பற்றிய ஆய்வு. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் மாடியறை. கீழே வீட்டுக்காரரின் அச்சகம். ஒருநாள் மாலை, மை படிந்த விரலால் ஒரு கடன் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆஜான், டாலரில் வாங்கினால் வட்டி குறைகிறது. வாங்கட்டுமா?"

ஆஜான் என்றால் தாய் மொழியில் ஆசிரியர். கடன் ஒரு லட்சம் டாலர், புது இயந்திரத்துக்கு. அன்றைய விலையில் சுமார் 25 லட்சம் பாத்.

டாலருக்கு 25 பாத் என்ற விலை பல ஆண்டுகளாக அதிகம் அசைந்ததில்லை. மத்திய வங்கியிடம் 30 பில்லியன் டாலருக்கு மேல் அந்நியச் செலாவணிக் கையிருப்பு. அந்த எண்ணைச் சொல்லி, "தைரியமாக வாங்குங்கள்" என்றேன்.

என் குறிப்பேட்டிலேயே வேறு எண்களும் இருந்தன. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதம். முந்தைய ஆண்டு ஏற்றுமதி தேங்கிவிட்டது. குறுகிய காலக் கடன் குவிந்துகொண்டே போனது. அவற்றை நான் ஒதுக்கினேன். 1993இல் உலக வங்கியே 'கிழக்காசிய அதிசயம்' என்று அறிக்கை எழுதியிருந்தது. என் படிப்பும் பேரும் அந்த அதிசயத்தின் மேல்தான் நின்றன.

ஜூலை 2 அன்று பாத்தை மிதக்க விட்டார்கள். ஆகஸ்டில்தான் முழுக்கணக்கு வெளிவந்தது: பாத்தைத் தாங்கிப் பிடிக்க, 23.4 பில்லியன் டாலரைப் பிறகு தருவதாக மத்திய வங்கி முன்பேர ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தது. பெட்டியில் நகை இருந்தது. ஆனால் இன்ன தேதியில் தருகிறேன் என்று அடுத்தவருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. "இதில் வாக்குக் கொடுத்தது எவ்வளவு?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். பதில் கிடைத்திருக்காது. ஆனால் பதில் கிடைக்காத இடத்தில் "தைரியமாக" என்ற சொல் என் வாயிலிருந்து வந்திருக்காது.

இன்று பல நாடுகள் இப்படி வாக்குக் கொடுத்த தொகையையும் கையிருப்போடு சேர்த்தே வெளியிடுகின்றன. எந்த நாட்டுக் கணக்கைத் திறந்தாலும் நான் முதலில் அங்கேதான் போகிறேன்.

1998 ஜனவரியில் டாலர் 50 பாத்தைத் தாண்டியது. அவர் கடன் இரட்டிப்பாகிவிட்டது. கீழே இறங்கிப் போனேன். புது இயந்திரத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாகப் பிரித்திருக்கவில்லை; அதை வாங்கிக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வழக்கம்போல நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இனி எதுவரை போகும், ஆஜான்?"

"தெரியவில்லை" என்றேன்.